யாருடைய குஞ்சு இது? ரோகு பொரிப்பகத்தில் மரபணு வாசிப்பைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆடி மாதத்தில் நல்ல மழை விழுந்த ஒரு மாலை. சினை மீன்களுக்கு முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டு வட்டத் தொட்டியில் விடுகிறோம். விடிவதற்குள் தொட்டி முழுக்க முட்டை. பொரித்த மூன்றாம் நாள் நுண்குஞ்சுகளைக் கிண்ணத்தால் அளந்து நாற்றங்கால் குளத்துக்கு அனுப்புகிறோம். லட்சக்கணக்கில் போகும் அந்தக் குஞ்சுகளில் எது எந்தத் தாய்க்குப் பிறந்தது? யாருக்கும் தெரியாது.

தெரியாததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். இரண்டு ஆண்டு கழித்து அதே குளத்தில் பெரிதாக நிற்கும் மீன்களைப் பிடித்து அடுத்த சினை மீன்களாக வைக்கிறோம். பெரிய மீன்கள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஊசி போட்டு ஒரே தொட்டியில் விடுகிறோம். சில தலைமுறை இப்படிப் போனால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு வளராமல் தேங்கும், வாங்கிப் போனவர் 'விதை சரியில்லை' என்று திரும்பி வருவார். கர்நாடகத்துக் கெண்டைப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990-இல் வெளியான ஒரு கட்டுரை, உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) ஆண்டுக்கு 2 முதல் 17 விழுக்காடு வரை ஏறுவதாகக் கணக்கிட்டது. ஒரு தலைமுறைக்கே 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் இனப்பெருக்கத்தில் வழக்கமாக வைக்கும் வரம்பு.

மரபணு வரிசைப்படுத்தல், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசையாகப் படிப்பது, இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கருவி. மீன்வளப் படிப்பு முடித்துப் பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், சொந்தமாகப் பொரிப்பகம் நடத்துபவர்கள், இரு தரப்பையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு ரோகு என்ற கெண்டையை எடுத்துக்கொண்டாலும் கட்லாவுக்கும் மிர்காலுக்கும் திலேப்பியாவுக்கும் முறை ஏறத்தாழ இதேதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். 'இது மரபணு மாற்றிய மீனா?' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். இல்லை. மாற்றுவது வேறு, வாசிப்பது வேறு. அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற சால்மன் ஒன்று உண்டு. அதற்குள் இன்னொரு வகை சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைப் புகுத்தியிருந்தார்கள். அதுதான் மரபணு மாற்றம். நாம் செய்யப்போவது மீனின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்து, எந்த இரண்டை ஜோடி சேர்ப்பது என்று முடிவெடுப்பது மட்டும். மீனுக்குள் எதையும் புகுத்துவதில்லை. வாங்க வருபவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

ஆய்வகத்துக்குப் போகும் முன் ஒரு நோட்டு

புதிதாக வருபவர்கள் நேராக 'வாசிக்க எவ்வளவு செலவாகும்?' என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது: எந்தக் குணத்தை மேம்படுத்தப் போகிறீர்கள், அதை எப்படி அளக்கப் போகிறீர்கள்?

டி.என்.ஏ. வாசிப்பு ஒரு மீன் யாருக்கு என்ன உறவு என்று சொல்லும். அந்த மீன் நன்றாக வளர்ந்ததா, நோயில் பிழைத்ததா என்பதைத் தராசும் நோட்டும்தான் சொல்ல வேண்டும். எடை போடாத ஆயிரம் மீன்களின் மரபணுவைப் படித்து வைத்தாலும் ஒரு பயனும் இல்லை. ஒழுங்காக எடை போட்ட இருநூறு மீன்களின் சாதாரண வாசிப்பு அதைவிட எவ்வளவோ மேல்.

தொடக்கத்தில் ஒரே ஒரு குணம் போதும். அறுவடை எடையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மீனையும் ஒரே வாரத்தில், ஒரே தராசில், இரை போடாமல் ஒரு நாள் நிறுத்தி எடை போடுங்கள். குளம், தேதி, மீன் எண், எடை, நீளம், ஆணா பெண்ணா, உடலில் ஏதும் ஊனம் உண்டா என ஏழு கட்டங்கள் நோட்டில் இருக்கட்டும். பெரும்பாலான வளர்ப்பு மீன்களில் எடை வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை பரம்பரையால் வருகிறது. மீதி எல்லாம் தண்ணீர், தீவனம், நெருக்கம். அளப்பதில் ஒழுங்கு இல்லை என்றால் இருக்கிற பரம்பரைப் பங்கும் கண்ணில் படாமல் போகும்.

தாய்க்கூட்டம்

புவனேசுவரத்தில் உள்ள நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1992-இல் நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து ரோகு மேம்பாட்டைத் தொடங்கியபோது, கையில் இருந்த பண்ணை மீன்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆறுகளிலிருந்து ரோகு கொண்டுவந்து கலந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஜெயந்தி ரோகு. விடுதலையின் பொன்விழா ஆண்டான 1997-இல் வெளிவந்ததால் அந்தப் பெயர். தலைமுறைக்குச் சராசரியாக 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. நார்வே தன் சால்மனுக்கு ஏறக்குறைய 40 ஆறுகளில் மீன் எடுத்தது. 'கிஃப்ட்' என்ற மேம்படுத்திய திலேப்பியாவுக்கு 1988-இல் ஆப்பிரிக்காவிலிருந்து நான்கு இயற்கைக் கூட்டங்களும் ஆசியப் பண்ணைகளிலிருந்து நான்கு கூட்டங்களும் சேர்ந்தன.

உங்களால் ஐந்து ஆற்றுக்குப் போக முடியாது, சரி. ஆனால் ஒரே பொரிப்பகத்தில் ஒரே நாளில் வாங்கிய குஞ்சுகளிலிருந்து தாய்க்கூட்டம் அமைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு இடங்களிலிருந்து எடுங்கள், ஜெயந்தியும் அதில் ஒரு பங்காக இருக்கட்டும். வந்தவற்றைத் தனிக் குளத்தில் சில வாரம் வைத்து மீன் பேன், புண் எல்லாம் பார்த்த பிறகே சேருங்கள்.

எத்தனை மீன் வேண்டும்? உங்கள் கூட்டம் பரம்பரையைப் பொறுத்தவரை உண்மையில் எத்தனை மீனுக்குச் சமம் என்று காட்டும் ஒரு எளிய கணக்கு உண்டு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 25 ஆண், 25 பெண் என்றால் விடை 50. ஐந்து ஆண், 45 பெண் என்றால்? மொத்தம் அதே 50 மீன்தான், ஆனால் விடை 18. உள்ளினச்சேர்க்கை தலைமுறைக்கு எவ்வளவு ஏறும் என்று அறிய, ஒன்றை அந்த விடையின் இரு மடங்கால் வகுங்கள். 50-க்கு 1 விழுக்காடு. 18-க்கு 2.8 விழுக்காடு. ஆண் மீனைக் குறைத்து வைத்துச் சமாளிக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அது இங்கேதான் கடிக்கிறது.

துடுப்பு வெட்டுவது: இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள்

பத்து கிராமைத் தாண்டிய குஞ்சுக்கு 12 மில்லிமீட்டர் பிட் டேக்கை வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தலாம். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிச் சில்லு அது. கருவியை அருகில் கொண்டு போனால் மீனின் எண்ணைக் காட்டும். டேக் போடும் அதே நேரத்தில் துடுப்பிலும் ஒரு துண்டு வெட்டிவிடுவது வழக்கம், மீனை இரண்டு முறை கையில் எடுக்க வேண்டாம் என்பதற்காக.

கிராம்பு எண்ணெயை ஒன்றுக்கு ஒன்பது பங்கு எத்தனாலில் கரைத்து, லிட்டர் தண்ணீருக்கு எண்ணெய் சுமார் 50 மில்லிகிராம் வருமாறு கலந்தால் மீன் மயங்கும். முதலில் இரண்டு மூன்று மீனில் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவற்றை விடுங்கள். தண்ணீரின் சூட்டுக்கும் மீனின் அளவுக்கும் ஏற்ப மயங்கும் நேரம் மாறும். பக்கத்தில் காற்று விடும் நல்ல தண்ணீர்த் தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

வால் துடுப்பின் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு போதும். சில வாரத்தில் திரும்ப வளர்ந்துவிடும். ஒவ்வொரு மீனுக்கும் நடுவே கத்தரிக்கோலைத் துடைத்து, பிளீச்சிங் கரைசலில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி துடையுங்கள். மேலோட்டமாகத் துடைத்தால் முந்தைய மீனின் சளி ஒட்டிக்கொண்டே வரும். ஆய்வகம் இரண்டு மீனையும் கலந்து ஒன்றாகப் படிக்கும்.

துண்டைப் போல் பத்து மடங்கு எத்தனால் குப்பியில் இருக்கட்டும், 95 விழுக்காட்டுக்குக் குறையாதது. மறுநாள் அந்த எத்தனாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். திசுவில் இருக்கும் நீர் முதல் நாள் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும், அதில் டி.என்.ஏ. மெதுவாகச் சிதையும். மூடி திருகு மூடியாக இருக்க வேண்டும். அழுத்தி மூடுவது நம் ஊர் வெயிலில் திறந்துகொள்கிறது.

அப்புறம் எழுத்து. குப்பியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். என் முதல் ஆண்டில் 96 குப்பிகளிலும் அழகாக மார்க்கரால் எண் எழுதி ஒரே பெட்டியில் அடுக்கினேன். ஒரு குப்பி கசிந்தது. எத்தனால் பட்டு எழுத்து முழுக்கக் கரைந்து போயிருந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தேன். ஒரு பருவத்து உழைப்பு போனது. அன்றிலிருந்து சின்னக் காகிதத் துண்டில் பென்சிலால் எண் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுகிறேன், வெளியே தனியாக ஓர் ஒட்டுத் தாளும் உண்டு. பென்சில் கரையாது.

கூரியரில் எத்தனாலை ஏற்றுக்கொள்ளத் தயங்குவார்கள், தீப்பிடிக்கும் பொருள் என்பதால். அனுப்பும் நாளில் திரவத்தை வடித்துவிட்டு, ஈரம் மட்டும் இருக்கும்படி இறுக மூடி அனுப்புவதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பில் பாதியை மட்டும் அனுப்புங்கள்.

எதை வாசிப்பது

பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் பாடபேதம் பார்ப்பார்கள் அல்லவா? ஒரே நூலுக்குப் பத்துச் சுவடி கிடைத்தால் ஒவ்வொன்றிலும் அங்கங்கே ஓரெழுத்து மாறியிருக்கும். ஒரு சுவடியில் இருக்கும் பிழை இன்னொன்றிலும் அப்படியே இருந்தால், இதைப் பார்த்து அதை எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். எந்த ஏடு எந்த ஏட்டின் பிள்ளை என்று இப்படித்தான் வம்சம் கண்டுபிடிக்கிறார்கள். மீனிலும் இதே வேலைதான். திலேப்பியாவின் மரபணுத்தொகுதி, அதாவது முழு டி.என்.ஏ., சுமார் 100 கோடி எழுத்து, சால்மனுடையது ஏறத்தாழ 300 கோடி. அவற்றில் பெரும்பகுதி எல்லா மீனிலும் ஒன்றே. மீனுக்கு மீன் ஓரெழுத்து மாறும் இடங்களை எஸ்.என்.பி. என்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்த இடங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் மீன் இரண்டு எழுத்து வைத்திருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஓரிடத்தில் குஞ்சிடம் இரண்டும் 'ஏ' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் எண் ஆண் மீனிடம் அதே இடத்தில் இரண்டும் 'ஜி'. அந்த ஆண் இந்தக் குஞ்சின் தந்தையாக இருக்க முடியாது. ஓரிடம் ஒருவரைத் தள்ளும், இன்னோர் இடம் இன்னொருவரைத் தள்ளும். சில நூறு இடங்கள் பார்த்தால் ஐம்பது பெற்றோரில் எஞ்சி நிற்பது ஒரு தாயும் ஒரு தந்தையும்தான்.

வாசிப்பில் மூன்று அளவு உண்டு. பெற்றோரைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் குறித்து வைத்த சில நூறு இடங்களைப் படித்தால் போதும். குணத்தைக் கணிக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான இடங்கள் வேண்டும். அதற்கு அந்த இடங்களை மொத்தமாகப் படிக்கும் எஸ்.என்.பி. சிப் அல்லது மரபணுத்தொகுதியின் சில துண்டுகளை மட்டும் வெட்டிப் படிக்கும் முறை இருக்கிறது. மூன்றாவது முழுத் தொகுதியையும் படிப்பது. 100 கோடி எழுத்துள்ள மீனை ஒவ்வோர் இடமும் சராசரியாக இருபது தடவை வரும்படி படித்தால் ஒரு மீனுக்கு 2,000 கோடி எழுத்து வந்து குவியும். அதை வைக்க இடமும் வேண்டும், பிரிக்க ஆளும் வேண்டும்.

என் பரிந்துரை: முதல் ஆண்டு முழு வாசிப்பை உங்கள் ஐம்பது பெற்றோருக்கு மட்டும் செய்யுங்கள். உங்கள் கூட்டத்தில் எந்த இடங்கள் மாறுகின்றன என்று அதிலிருந்து தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடங்களை மட்டும் படியுங்கள். எல்லாவற்றையும் முழுதாகப் படிக்கும் ஆசையில் பணத்தை முதல் நூறு மீனிலேயே தீர்த்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதிரிகளை 96 குழித் தட்டில் அனுப்பும்போது ஒரு குழியைக் காலியாக விடுங்கள், இரண்டு மீன்களை வேண்டுமென்றே இரண்டு முறை வையுங்கள். காலிக் குழியில் மீன் தெரிந்தால் எங்கோ கலந்திருக்கிறது. ஒரே மீனின் இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகாவிட்டால் தட்டு மாறியிருக்கிறது. பிரித்தெடுத்த டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 1.8-க்கும் 2.0-க்கும் இடையே இருக்கிறதா என்று ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

கலப்பு மீனைப் பிடிப்பது

வட்டத் தொட்டியில் ரோகு, கட்லா, மிர்கால் மூன்றையும் ஒரே இரவில் விடும் பொரிப்பகங்களில் கலப்புக் குஞ்சுகள் பிறக்கின்றன. பார்வைக்கு ரோகுபோலவே இருக்கும். அதைத் தாய்க்கூட்டத்தில் சேர்த்துவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கெடும்.

இதற்கென்று 'பார்கோடிங்' செய்துதருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கவனம். அது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுவைப் படிப்பது, மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது. தாய் ரோகு, தந்தை கட்லா என்றால் பார்கோடு 'சுத்தமான ரோகு' என்றே சொல்லும். கலப்பைப் பிடிக்க உட்கருவில் உள்ள எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ரோகுவும் கட்லாவும் நிச்சயமாக வேறுபடும் இடங்களில் ஒரு மீன் இரண்டு இனத்தின் எழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்திருந்தால் அது முதல் தலைமுறைக் கலப்பு. அப்படி ஏறக்குறைய பாதி இடங்களில் மட்டும் இருந்தால் கலப்பு மீன் மறுபடி ரோகுவோடு சேர்ந்து பிறந்தது. இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள், சாப்பாட்டு மீனாக விற்பதில் தவறில்லை.

வந்த தகவலை என்ன செய்வது

ஆய்வகம் கொடுக்கும் கோப்புகளைப் பார்த்து மிரள வேண்டாம். துண்டு துண்டாக வந்த வாசிப்புகளை முழு மரபணுத்தொகுதியோடு பொருத்துவது, மாறும் இடங்களைப் பட்டியலிடுவது, மோசமான இடங்களையும் மோசமான மாதிரிகளையும் நீக்குவது, இந்த மூன்றுதான் முதல் வேலை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடுபட்ட மாதிரியை வைத்துக்கொள்ளாதீர்கள். பிளிங்க், பி.டபிள்யூ.ஏ., பெற்றோரைக் கண்டுபிடிக்கும் கோலனி போன்ற மென்பொருள்கள் இலவசம். கணினியில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரோடு சேர்ந்து செய்வது நல்லது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உவர்நீர் மீன்களுக்கும் இறாலுக்கும் சென்னையில் மத்திய நிறுவனம் இருக்கிறது, மீன் மரபு வளத்துக்கென்றே லக்னோவில் ஒன்று. கடிதம் எழுதினால் வழி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல் வருவது. பழைய முறையில், ஜெயந்தி தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு குடும்பத்துக் குஞ்சையும் டேக் போடும் அளவு வரும்வரை தனித்தனி நாற்றங்கால் குளத்தில் வளர்த்தார்கள். ஐம்பது குடும்பம் என்றால் ஐம்பது குளம். அந்த வசதி நம்மில் யாரிடம் இருக்கிறது? இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாம் குளத்துக் குடும்பம் நன்றாக வளர்ந்தால் அது குடும்பத்தின் சிறப்பா, குளத்தின் சிறப்பா என்று பிரிக்க முடியாது. டி.என்.ஏ. வந்த பிறகு எல்லாக் குடும்பத்தையும் முதல் நாளிலிருந்தே ஒரே குளத்தில் விடலாம். ஒரே தண்ணீர், ஒரே தீவனம். அறுவடையில் துடுப்பை வெட்டி யார் யாருடைய பிள்ளை என்று கேட்டுக்கொள்ளலாம். சிறிய பொரிப்பகத்தால் இந்த வேலையில் இறங்க முடிகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம்.

அடுத்த படி, கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே வேறுபாடு பார்ப்பது. நோட்டில் உள்ள வம்சப் பட்டியலைப் பொறுத்தவரை ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றே, இரண்டு பேருக்கு இடையே பாதி ஒற்றுமை. உண்மையில் ஒரு ஜோடிக்கு 45 விழுக்காடு, இன்னொரு ஜோடிக்கு 55 என்று மாறும். சீட்டுக் கலைப்பதுபோல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு சீட்டு விழுகிறது. ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்தால் எந்தப் பிள்ளைக்கு நல்ல சீட்டு விழுந்தது என்று கணக்கிடலாம். நோயில் இது உயிரான விஷயம். நோய் கண்ட மீனைத் தாய்க்கூட்டத்தில் வைக்க முடியாது, நோயே காணாத மீன் தாங்குமா என்றும் தெரியாது. நோயைச் சந்தித்த உடன்பிறப்புகளின் கதையைப் படித்து, நோய் தொடாத உடன்பிறப்புகளில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க மரபணு வாசிப்பு ஒன்றே வழி.

நோய் வந்த அன்று

நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் ஐ.பி.என். என்ற வைரஸ் நோய் இளம் சால்மன்களை வாரிக்கொண்டு போனது. இரண்டு நாட்டு ஆய்வாளர்களும் தனித்தனியே தேடி, தாங்கும் தன்மையில் பெரும்பங்கு 26-ஆம் குரோமோசோமின் ஒரே பகுதியில் இருப்பதை 2008, 2009-இல் வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில் நல்ல எழுத்து உள்ள பெற்றோரை மட்டும் வைத்து முட்டை விற்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் நார்வேயில் அந்த நோய்த் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. எல்லா நோயும் இவ்வளவு எளிதாக ஓரிடத்தில் அகப்படாது. பெரும்பாலும் நூறு இடங்களில் சிறு சிறு பங்காகச் சிதறியிருக்கும். அதற்கும் மேலே சொன்ன கணிப்பு முறை உதவும்.

நமக்கு நெருக்கமான பாடம் மலேசியாவில் நடந்தது. அங்கே 'கிஃப்ட்' திலேப்பியா இனப்பெருக்கக் குளத்தில் 2018-இல் திலேப்பியா லேக் வைரஸ் தாக்கியது. டேக் போட்ட 124 குடும்பங்களின் மீன்கள் அதில் இருந்தன. செத்ததையும் பிழைத்ததையும் பதிவு செய்து, துடுப்பு எடுத்து, மரபணுவைப் படித்தார்கள். 22-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி கிடைத்தது. அங்கே முக்கியமான ஓரிடத்தில் இரண்டும் நல்ல எழுத்தாக வைத்திருந்த மீன்களில் 11 விழுக்காடு செத்தன, இரண்டும் மற்ற எழுத்தாக இருந்தவற்றில் 43 விழுக்காடு. ஒரு பேரிழப்பிலிருந்து இதை எடுத்தார்கள்.

பொரிப்பகத்தில் மீன் சாகும்போது செத்ததை அள்ளிப் புதைப்பதில்தான் எல்லாரும் ஓடுவோம். அந்த நேரத்தில் துடுப்பு வெட்டத் தோன்றாது. அதனால் முன்கூட்டியே இருநூறு குப்பிகளில் எத்தனால் ஊற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சாவு தொடங்கினால் காலையிலும் மாலையிலும் செத்தவற்றை எடுத்து டேக் படித்து, தேதி குறித்து, துடுப்பு வெட்டுங்கள். வெயிலில் அரை நாள் மிதந்த மீனின் திசு எதற்கும் உதவாது. நோய் ஓய்ந்த பிறகு பிழைத்தவற்றையும் அதே போல் எடுக்க வேண்டும். செத்தவை மட்டும் இருந்தால் எதனோடு ஒப்பிடுவது?

வேண்டுமென்றே நோயைக் கொடுத்துச் சோதிக்கும் வேலையைப் பொரிப்பகத்தில் செய்யவே கூடாது. அதற்குக் கிருமி வெளியேறாத அடைப்பு வசதியுள்ள ஆராய்ச்சி நிறுவனம் வேண்டும். ரோகுவில் ஏரோமோனாஸ் பாக்டீரியாவைத் தாங்கும் தன்மைக்கு அப்படிப் புவனேசுவரத்தில் செய்திருக்கிறார்கள்.

மீனின் மரபணுவை மட்டுமல்ல, நோய்க்கிருமியின் மரபணுவையும் படிக்கலாம். அது தனி வேலை, தனி மாதிரி. செத்து ஊறிய மீன் இதற்கு ஆகாது. உயிரோடு தள்ளாடும் மீனிலிருந்து செவுள், கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல் எடுக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு எத்தனால் போதும். திலேப்பியா லேக் வைரஸ் ஆர்.என்.ஏ. வைரஸ், ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும், அதற்கென்ற காப்புத் திரவத்தில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். இன்னொரு துண்டை ஃபார்மலினில் போட்டுவையுங்கள், நுண்ணோக்கியில் பார்க்க. முதலில் கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை செய்து என்ன கிருமி என்று தெரிந்துகொள்ளுங்கள், அது மலிவு. கிருமி எங்கிருந்து வந்தது, எந்த ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு அதில் இருக்கிறது என்று கேட்கும்போதுதான் வரிசைப்படுத்தல் தேவை. அந்தப் பதில் வரும் வரை கையில் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கைக் குளத்தில் கொட்டாமல் இருங்கள்.

ஜோடி சேர்ப்பது

எந்த மீனின் பிள்ளைகள் நன்றாக வரும் என்று எடையையும் மரபணு வாசிப்பையும் சேர்த்துக் கணித்த மதிப்பீட்டுப் பட்டியல் கைக்கு வந்ததும் மேலே உள்ள பத்து மீனை அப்படியே எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அந்தப் பத்தில் ஆறு ஒரே குடும்பமாக இருக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண், இரண்டு பெண் என்று வரம்பு வைத்து, குறைந்தது 25 ஜோடி வரும்வரை பட்டியலில் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் உறவு எவ்வளவு என்று மரபணுக் கணக்கு காட்டும். உடன்பிறப்பும் அரை உடன்பிறப்பும் ஜோடியாகாமல் மாற்றி மாற்றி அமையுங்கள். முடிந்தால் வட்டத் தொட்டியில் கூட்டமாக விடாமல் கையால் பிழிந்து கருவுறச் செய்து, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரே எண்ணிக்கை நுண்குஞ்சை எடுத்துக் கலக்குங்கள். கூட்டமாக விட்டால் நான்கைந்து மீன்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குப் பெற்றோராகிவிடுவது உண்டு. அப்போது நீங்கள் போட்ட 25 ஜோடிக் கணக்கு காகிதத்தில்தான் இருக்கும்.

கூடவே ஓர் ஒப்பீட்டுக் கூட்டம் வையுங்கள். பட்டியலில் சராசரியாக நிற்கும் மீன்களிலிருந்து சில ஜோடி. அவற்றின் குஞ்சையும் அதே குளத்தில் விடுங்கள். அடுத்த அறுவடையில் தேர்ந்தெடுத்தவற்றின் பிள்ளைகள் அவற்றைவிட எவ்வளவு கூடுதல் எடை என்று பார்த்தால்தான் உண்மையான முன்னேற்றம் தெரியும். இல்லையென்றால் அந்த ஆண்டு வாங்கிய நல்ல தீவனத்தின் பெருமையை மீனுக்குக் கொடுத்துவிடுவோம்.

ஓராண்டுக் கணக்கு

சித்திரை, வைகாசியில் தாய்க்கூட்டத்துக்கு டேக், துடுப்பு, கலப்புச் சோதனை. ஆடி முதல் ஆவணிக்குள் ஜோடி சேர்த்து, எல்லாக் குஞ்சையும் ஒரே நாற்றங்காலில். ஐப்பசி, கார்த்திகையில் பத்துப் பதினைந்து கிராம் வந்ததும் டேக்கும் துடுப்பும். மறு ஆண்டு ஆனியில் எடை. மாதிரி அனுப்பி முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ரோகு முதிர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால் அந்தக் காத்திருப்பு வீணாகாது. ஆறு மாதத்திலேயே முட்டையிடும் திலேப்பியாவுக்கு இந்த அட்டவணையைச் சுருக்க வேண்டியிருக்கும்.

அனுப்பாமல் வைத்த மீதித் துடுப்பு நினைவிருக்கிறதா? அதை எறியாதீர்கள். வேறு கட்டடத்தில் உள்ள ஒரு ஃபிரீசரில், மாதிரிப் பட்டியலின் நகலோடு வையுங்கள். இன்று நீங்கள் பார்க்காத ஒரு நோய் ஐந்து ஆண்டு கழித்து வந்தால், இந்த முதல் ஐம்பது தாய் தந்தையரின் எழுத்தை அந்தத் துண்டுகளிலிருந்துதான் திரும்பப் படிக்க முடியும்.